பார்வையற்ற இளைஞரின் தனிவாழ்வும் காதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. 24 வயதில் பெற்றோர் வீட்டைவிட்டுத் தனியறைக்குக் குடிபோனேன். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பார்வையுள்ள ஒருவரைக் காதலித்து மணந்துகொண்டேன். பார்வையற்ற இளைஞர்களும், அவர்களுடைய பெற்றோரும், அவர்களை விரும்பத் தொடங்கியிருக்கும் பார்வையுள்ளவர்களும் என்னிடம் கேட்டவற்றுள் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சுயமாக வாழ்வது என்றால் யாருடைய உதவியும் இல்லாமல் வாழ்வது என்று பொருளா?

இல்லை. அப்படி வாழ்பவர் எவரும் உலகத்தில் கிடையாது. எந்த உதவி, எப்போது, யாரிடம், எவ்வளவு என்பதை நானே முடிவுசெய்கிறேனா, அல்லது என் நன்மைக்காக என்று சொல்லி வேறொருவர் முடிவுசெய்கிறாரா என்பதுதான் நான் பார்க்கும் அளவுகோல். எனக்கு வந்த கடிதத்தை நான் கேட்டுக்கொண்டபடி ஒருவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துக் காட்டினால், அந்தக் கடிதம் என்னுடையதாகவே இருக்கிறது. அவரே உறையைக் கிழித்து, மனத்துக்குள் படித்துவிட்டு, "முக்கியமாக ஒன்றும் இல்லை" என்று சொல்லி மடித்து வைத்துவிட்டால், அது என் பெயருக்கு வந்த அவருடைய கடிதம் ஆகிவிடுகிறது. இந்தச் சின்ன வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே வரும் பெரும்பாலான கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2006 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையில், எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 19ஆவது பிரிவும், விரும்பியவரை மணந்து குடும்பம் அமைக்கும் உரிமையை 23ஆவது பிரிவும் பேசுகின்றன. வீட்டையும் துணையையும் தானே தேர்ந்தெடுப்பது என்ற இரண்டும் ஒரே ஆவணத்தில் இடம்பெற்றிருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி, ஏனென்றால் என் வாழ்க்கையிலும் ஒன்று இல்லாமல் மற்றொன்று வந்திருக்காது.

தனியே குடிபோவதற்கு முன் எதையெல்லாம் கற்றிருக்க வேண்டும்?

முதலில் நடமாட்டம். வெள்ளைக்கோலைக் கையில் எடுக்க வெட்கப்படும் இளைஞர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அதை மடித்துப் பைக்குள் மறைத்தவள்தான். பிரிஸ்டல் நகரத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரர் விபத்தில் பார்வையை இழந்த பிறகு, வண்டி ஓட்டுபவர்களின் கண்ணில் படவேண்டும் என்பதற்காக 1921இல் தம்முடைய கைத்தடிக்கு வெள்ளைச் சாயம் பூசினார் என்பது பரவலாக அறியப்பட்ட வரலாறு. ஆனால் அன்றைய கோல் குட்டையானது. பிறருக்கு அடையாளம் காட்டியதே தவிர, நடப்பவருக்கு வழி காட்டவில்லை. நெஞ்சளவுக்கு நீண்ட கோலை முன்னே இடமும் வலமுமாக வீசி நடக்கும் முறையை, இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1940களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹூவர் வகுத்தார். வலது காலை எடுத்து வைக்கும்போது கோலின் நுனி இடப்பக்கம் தரையைத் தொடவேண்டும்; அடுத்து இடது கால் இறங்கப்போகும் இடத்தை அது முன்கூட்டியே சோதித்துவிடுகிறது. வாரக்கணக்கில் பழகினால்தான் கைக்கும் காலுக்கும் இந்த ஒத்திசைவு வாய்க்கும்.

சாலையைக் கடப்பது இன்னும் நுட்பமானது. சந்திப்பில் நிற்கும்போது, எனக்குக் குறுக்கே ஓடும் வண்டிகள் அடங்கி, எனக்கு இணையான திசையில் நின்றிருந்த வண்டிகள் ஒன்றாக உறுமிக் கிளம்பும் அந்த நொடிக்காகக் காத்திருப்பேன். அந்த ஓசை பக்கவாட்டில் நேர்க்கோடாக நகர்வதைப் பிடித்துக்கொண்டுதான் எதிர்க்கரையை நோக்கி நடக்கிறேன். காற்று பலமாக அடிக்கும் நாளிலும், கனமழை நாளிலும், சத்தமே எழுப்பாத மின்வண்டிகள் ஓடும் தெருவிலும் இந்தக் கணக்கு பிசகும். அப்போது அருகில் இருப்பவரிடம் கேட்டுக் கடப்பதில் ஒரு குறைவும் இல்லை.

வீட்டுக்குள் கற்க வேண்டியவை பயமுறுத்தும் அளவுக்குப் பெரியவை அல்ல. அடுப்புத் திருகில் தடவினால் புலப்படும் புள்ளி ஒட்டுவது, பாத்திரம் நிறைய நிறைய நீரின் ஓசை கீச்சென்று மாறுவதைக் கவனிப்பது, எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பது என்று ஒரு மாதத்தில் கை பழகிவிடும். பணத்தைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். உங்கள் வங்கிக்கணக்கை உங்கள் விரல்களே திறக்க வேண்டும். கடவுச்சொல் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும்வரை தனியறை எடுத்தும் பெரிய பயன் இல்லை.

பெற்றோர் சம்மதிக்கவே மாட்டேன் என்கிறார்கள். அவர்களை எப்படி எதிர்கொள்வது?

அவர்களுடைய பயம் பொய்யானதன்று. இருபது ஆண்டுகளாக நீங்கள் தடுக்கி விழுந்த ஒவ்வொரு தடவையும் அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் விழாமல் நடந்த நேரத்தில் பெரும்பாலும் அவர்கள் உடன் இருந்ததில்லை. வாதாடிப் பயன் இல்லை, நடந்து காட்ட வேண்டும். ஒரு வாரம் வீட்டைவிட்டு அவர்கள் வெளியூர் போகட்டும். ஒரு மாதத்து வரவு செலவை நீங்கள் நிர்வகித்து ஒப்படையுங்கள். புதிய இடம் ஒன்றுக்குப் போய்வந்து சொல்லுங்கள்.

நான் தனியாக வேலைக்குப் போகத் தொடங்கிய முதல் வாரம், அப்பா என்னிடம் சொல்லாமலேயே பின்னால் வந்தார். இருபதடி தள்ளித்தான் வந்தார் என்றாலும், இடது செருப்பைச் சற்று இழுத்து நடக்கும் அவருடைய நடை எனக்குத் தெரியாதா? நான் திரும்பவில்லை. சந்திப்பை நெருங்கியதும் அந்தக் காலடி வேகம் எடுத்து என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. கையை நீட்டினால் என்னைத் தொட்டுவிடும் தூரம். இணைவண்டிகள் கிளம்பும்வரை காத்திருந்து நான் இறங்கி நடந்தேன். மறுகரை நடைபாதையில் ஏறியபோது பின்னால் எந்தக் காலடியும் கேட்கவில்லை. அன்று மாலை அவர் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுநாளிலிருந்து அந்தச் செருப்புச் சத்தம் என் பின்னால் வரவில்லை.

எவ்வளவு செய்து காட்டினாலும் மனம் மாறாத பெற்றோரும் இருக்கிறார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. 18 வயதைக் கடந்த ஒருவர் அனுமதி கிடைக்கும் நாளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. அன்போடு சொல்லிவிட்டுப் புறப்படலாம். தினமும் குறித்த நேரத்தில் தொலைபேசியில் பேசுவதாகச் சொல்லி, அந்தச் சொல்லைக் காப்பாற்றலாம்.

தொழில்நுட்பம் இதில் எந்த அளவுக்கு உதவுகிறது?

கருவிகளைப் பற்றிப் பேசுபவர்கள் வேகத்தையும் வசதியையும் சொல்வார்கள். நான் அந்தரங்கத்தைச் சொல்வேன். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கண்ணைக் காயப்படுத்திக்கொண்டு பின்னர் பார்வையை முழுமையாக இழந்த லூயி பிரெய்ல், தம் 15ஆவது வயதில், 1824இல், ஆறு புள்ளிகளைக் கொண்ட தம் எழுத்துமுறைக்கு உருவம் கொடுத்தார். 1829இல் அதை நூலாக வெளியிட்டார். ஆறு புள்ளிகளிலிருந்து 63 வடிவங்கள் பிறக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் அந்த 63 வடிவங்கள் வந்ததால், ஒரு பார்வையற்றவர் தமக்கு வந்த கடிதத்தை வேறொருவரின் குரல் வழியாக இல்லாமல் தம் விரல் நுனியில் தனிமையில் படிக்க முடிந்தது. அவர் அதோடு நிற்கவில்லை. பார்வையற்றவர் எழுதுவதைப் பார்வையுள்ளவர் கண்ணால் படிப்பதற்கென்று, வழக்கமான எழுத்துகளின் வடிவத்தைப் புள்ளிகளால் குத்தி எழுதும் இன்னொரு முறையையும் 1839இல் வெளியிட்டார். காதலிப்பவர்களுக்கு இந்த இரண்டாவது கண்டுபிடிப்பின் அருமை எளிதில் புரியும்.

இன்று அதே வேலையை, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான்கள் செய்கின்றன. 2006இல் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரு பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் உருவாக்கத் தொடங்கிய என்விடிஏ மென்பொருளைக் கணினியில் இலவசமாகவே நிறுவிக்கொள்ளலாம். 2009இல் ஐபோனில் வாய்ஸ்ஓவர் வந்தபோது, வழவழப்பான கண்ணாடித் திரையும் விரலால் தொட்டால் பேசும் பொருளாயிற்று. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டாக்பேக் அந்த வேலையைச் செய்கிறது. இரண்டிலும் திரையை அணைத்து வைக்கும் வசதி உண்டு என்பதைப் புதிதாகக் கற்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் உங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் படிப்பது உங்களுக்குத் தெரியாது. இருண்ட திரையில் அவர் படிப்பதற்கு ஒன்றும் இருக்காது. காதில் ஒற்றைக் காதணிபேசி போதும். மற்றொரு காது சாலைக்கு வேண்டும்.

கண்ணோடு கண் நோக்காமல் காதல் எப்படித் தொடங்கும்?

கண்டதும் காதல் என்று சொல்லிப் பழகிய மொழியில் பிறந்திருப்பதால் இந்தக் கேள்வி எழுவது இயல்பே. என் அனுபவத்தில் முதலில் ஈர்ப்பது குரல்கூட இல்லை, குரலுக்கு இடையில் வரும் இடைவெளி. நான் சொல்லி முடித்த பிறகு ஒருவர் எவ்வளவு நேரம் எடுத்துப் பதில் சொல்கிறார், சென்ற வாரம் போகிறபோக்கில் நான் சொன்ன ஒன்றை இந்த வாரம் நினைவுவைத்துக் கேட்கிறாரா, கூட்டத்தில் என் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசுகிறாரா என்பதெல்லாம் காதில் தெளிவாக விழும். ஒருவர் முகத்தைத் திருப்பும்போது குரலின் திசையும் மாறுமல்லவா?

நமக்கு உண்மையிலேயே இல்லாத வசதி ஒன்று உண்டு. அறையின் மறுகோடியிலிருந்து ஒருவர் நம்மைப் பார்த்துப் புன்னகைத்தால் அது நமக்கு வந்து சேராது. நாம் பதிலுக்குப் புன்னகைக்காததை அவர் மறுப்பு என்று எடுத்துக்கொண்டு விலகிவிடுவார். ஆகையால் ஒரே ஒரு முறை சந்திக்கும் பெருங்கூட்டங்களைவிட, அதே மனிதர்கள் வாராவாரம் கூடும் சிறிய இடங்கள், அதாவது இசைவகுப்பு, மொழிவகுப்பு, வாசகர் வட்டம், தன்னார்வப் பணி போன்றவை நமக்கு ஏற்றவை. அங்கே பழக்கம் ஏற ஏறப் புன்னகைகள் பேச்சாக மாறிவிடும். முதல் சொல்லை நீங்களே பேசவும் தயங்காதீர்கள்.

துணை தேடும் செயலிகளில் பார்வையின்மையை எப்போது சொல்வது?

இதில் பார்வையற்ற நண்பர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சுயவிவரத்திலேயே எழுதினால் தேவையற்றவர்கள் தாமாகவே விலகிவிடுவார்கள் என்பார் சிலர். அப்படி எழுதினால் இரக்கப்படுபவர்களும், ஏமாற்ற எளிதானவர் என்று கணக்குப்போடுபவர்களுமே வந்து சேருகிறார்கள் என்பார் வேறு சிலர். நான் இடைவழியைத் தேர்ந்தேன்: பேச்சு சுவைபடத் தொடங்கிய பிறகு, ஆனால் நேரில் சந்திப்பதற்கு முன்பு சொல்லிவிடுவேன். சந்திப்புக்கு வந்தபின் அவர் அதிர்ச்சியடைந்தால் அதைத் தேற்றும் வேலையும் நம் தலையில் விழும். அதற்கு நாம் போகவில்லை.

முதல் சந்திப்பின் இடம் நீங்கள் ஏற்கெனவே நடந்து பழகியதாக, பொது இடமாக இருக்க வேண்டும். போகவும் வரவும் வாகனத்தை நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உங்கள் இருப்பிடத்தை நம்பிக்கையான ஒருவருக்குக் கைபேசி வழியாகப் பகிர்ந்துவிடுங்கள். படம் தேர்ந்தெடுக்க ஒரு நண்பரை உட்காரவைத்து, ஒவ்வொரு படத்திலும் என்ன தெரிகிறது என்று விரிவாகச் சொல்லக் கேளுங்கள்; "நன்றாக இருக்கிறது" என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காதீர்கள்.

எனக்கு உதவிவருபவர் மீது எனக்கு விருப்பம் வந்துவிட்டது. இது காதலா, நன்றியா?

என்னிடம் வந்த கேள்விகளில் மிகக் கனமானது இதுதான். உதவியிலிருந்து உண்மையான காதல் பிறப்பதுண்டு, அதைச் சந்தேகக் கண்ணோடு மட்டுமே பார்க்கச் சொல்லவில்லை. ஆனால் நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: அவரோடு தாராளமாகச் சண்டை போட முடிகிறதா? இன்று மாலை கோபித்துக்கொண்டால் நாளைக் காலை மருத்துவரிடம் யார் அழைத்துப்போவார் என்ற எண்ணம் உங்கள் வாயை அடைக்கிறது என்றால், அங்கே முதலில் செய்ய வேண்டியது மருத்துவரிடம் தனியாகப் போய்வரக் கற்பது. அதைக் கற்றபிறகும் அவர் வேண்டும் என்று மனம் கேட்டால், அந்த விருப்பத்தை நம்பலாம்.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். நீங்கள் ஒரு வேலையைத் தனியாகச் செய்து முடித்ததாகச் சொல்லும்போது அவர் மகிழ்கிறாரா, அல்லது அவர் குரல் சற்றே இறங்குகிறதா? நீங்கள் தேறத் தேற ஒருவர் சோர்ந்துபோகிறார் என்றால் அவர் விரும்புவது உங்களுடைய தேவையைத்தான். வீட்டுப் பொருட்களை இடம் மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருப்பது, கோலை ஒளித்துவைப்பது, உங்களுக்கு வந்த செய்திகளை உங்களுக்கு முன் படிப்பது, எதிரில் நடப்பதை வேண்டுமென்றே தவறாகச் சொல்வது ஆகிய எல்லாம் வன்முறைதான். கை ஓங்கினால்தான் வன்முறை என்று காத்திருக்கக் கூடாது.

பாதுகாப்பு என்ற பெயரில் குடும்பமே காதலைப் பறித்துவிடுவதும் உண்டு. பார்வையும் செவிப்புலனும் இல்லாதிருந்தும் உலகம் முழுவதும் அறியப்பட்ட ஹெலன் கெல்லர், 1916இல், தமக்குச் செயலாளராக இருந்த பீட்டர் ஃபேகனை மணக்க விரும்பினார். அப்போது அவருக்கு 36 வயது. பட்டம் பெற்றவர், நூல்கள் எழுதியவர், மேடைகளில் உரையாற்றியவர். குடும்பத்தினர் எதிர்த்தார்கள், திருமணம் நடக்கவில்லை, அவர் கடைசிவரை மணம் புரிந்துகொள்ளவும் இல்லை. இதைப் படித்த நாளில் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

பார்வையுள்ள துணை தெரிந்துகொள்ள வேண்டியவை என்ன?

நடக்கும்போது எங்களைப் பிடித்துத் தள்ளாதீர்கள். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே நாங்கள் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவோம், உங்கள் உடல் ஏறுவதும் இறங்குவதும் திரும்புவதும் கைவழியே எங்களுக்குத் தெரிந்துவிடும். கதவைப் பாதி திறந்து வைக்காதீர்கள். அறையைவிட்டுப் போகும்போது ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள். வெற்று நாற்காலியோடு பேசிக்கொண்டிருந்தோம் என்று பிறகு தெரியவருவது வருத்தமானது.

இவை எல்லாவற்றையும்விட அரிய பண்பு, பேசாமல் இருக்கத் தெரிவது. பழகத் தொடங்கிய புதிதில் ஒரு வரவேற்பு மேசையில் நானும் அவரும் நின்றிருந்தோம். மேசையில் இருந்தவர் அவரிடம், "இவங்க பேர் என்ன?" என்று கேட்டார். அவருக்கு என் பெயர் தெரியும்; ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை. விசைப்பலகையின் சத்தம் நின்றது. மேசைக்காரர் தொண்டையைச் செருமினார். அந்த அமைதி சங்கடம் தரும் அளவுக்கு நீண்ட பிறகுதான் கேள்வி என் பக்கம் திரும்பியது. நான் என் பெயரைச் சொன்னேன். இவரோடு வாழலாம் என்று எனக்கு முதன்முதலில் தோன்றியது அந்த இடத்தில்தான்.

இருவருமே பார்வையற்றவர்களாக இருந்தால் சமாளிக்க முடியுமா?

முடியும், சமாளித்து மகிழ்ச்சியாக இருப்பவர்கள் பலர். விளக்கம் சொல்லவேண்டிய தேவை இல்லாத நெருக்கம் அவர்களுக்குக் கிடைக்கிறது. அச்சிட்ட தாள்களைப் படிக்கவும் அறிமுகமற்ற இடங்களுக்குப் போகவும் ஏற்பாடுகள் கூடுதலாக வேண்டும், அவ்வளவே.

உடல் நெருக்கத்தைப் பற்றி யாரிடம் கேட்பது?

பள்ளியில் பாலியல் கல்வி பெரும்பாலும் படங்களைக் காட்டியே நடப்பதால், பார்வையற்ற மாணவர்கள் பலர் அதில் பாதியைத் தவறவிட்டுவிடுகிறார்கள். தொட்டுணரும் மாதிரிகளைக் கொண்டு விளக்கும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ வெட்கமின்றிக் கேளுங்கள். கருத்தடைப் பொருளின் காலாவதி நாளைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டு உறுதிசெய்யுங்கள். சம்மதத்தை முகக்குறிப்பில் தேடும் வழி நமக்கு இல்லை. ஆகவே வாய்விட்டுக் கேட்கிறோம், வாய்விட்டுச் சொல்கிறோம். பார்வையுள்ள இணையர்களும் அப்படிச் செய்தால் நல்லது என்றே நான் நினைக்கிறேன்.

பிறக்கும் குழந்தைக்கும் பார்வைக்குறை வருமா?

காரணத்தைப் பொறுத்தது. காயம், தொற்று, குறைமாதப் பிறப்பால் ஏற்படும் விழித்திரைப் பாதிப்பு போன்றவற்றால் பார்வை போயிருந்தால் அது குழந்தைக்குக் கடத்தப்படாது. மரபுவழிக் கோளாறுகளில் ஓங்குபண்பாக, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து மரபணு வந்தாலே வெளிப்படும் வகையில், வருபவை என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த மரபணு வந்து சேர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஒடுங்குபண்பாக, அதாவது இருவரிடமிருந்தும் மரபணு வந்தால்தான் வெளிப்படும் வகையில், வருபவை என்றால், பெற்றோர் இருவரும் அறிகுறி ஏதுமின்றி அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருக்கும் நிலையில், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு. மாலைக்கண்ணில் தொடங்கிப் படிப்படியாகப் பார்வையைக் குறைக்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா இந்த இரு வழிகளிலும், எக்ஸ் குரோமோசோம் வழியாகவும் வரக்கூடியது. ஆகவே பொதுவான பதிலை நம்பாமல், மரபணுப் பரிசோதனையோடு மரபியல் ஆலோசகரைச் சந்தியுங்கள். முடிவு நீங்களும் உங்கள் துணையும் எடுக்க வேண்டியது. உறவினர்களின் கணிப்புக்கு அதில் இடம் இல்லை.

திருமணத்துக்குப் பிறகு வெள்ளைக்கோலை ஓரம் வைத்துவிடலாமா?

நான் வைத்தேன். அவருடைய கை எப்போதும் பக்கத்தில் இருந்தது, அதைப் பிடித்து நடப்பது இனிமையாகவும் இருந்தது. எட்டு மாதங்கள் எப்படிப் போயின என்றே தெரியவில்லை. பிறகு வேலை நிமித்தமாக அவர் இரண்டு வாரம் வெளியூர் போனார். அப்பாவின் காலடிகளைப் பின்னால் நிறுத்திவிட்டு நான் கடந்த அதே சந்திப்பில் போய் நின்றேன். வண்டிகள் கிளம்பின, அடங்கின, மீண்டும் கிளம்பின. எது இணை, எது குறுக்கு என்று என் காது பிரித்துத் தரவில்லை. ஐந்தாவது சுற்றில் ஒரு பெண்மணி கேட்டு, என்னைக் கடத்திவிட்டார்.

அவர் திரும்பிவந்ததும் நடந்ததைச் சொன்னேன். பயிற்சியாளரிடம் மறுபடி ஆறு வாரம் போனேன். இப்போது செவ்வாயும் வியாழனும் நான் தனியாகத்தான் வேலைக்குப் போகிறேன். ஒரே நேரத்தில் கிளம்பினாலும், வாசலில் விடைபெற்றுக்கொண்டு அவர் சுற்றுவழியில் போகிறார்; நான் சந்திப்பு வழியாகப் போகிறேன். முன்னால் போய்ச் சேருபவர் மற்றவருக்குச் செய்தி அனுப்புகிறோம். மழைக்காலம் தவிர்த்து, பெரும்பாலும் என் செய்திதான் முதலில் போகிறது.